கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு

தேனூரணி கோர்ட்டு வராந்தாவில், இலவச சட்ட உதவி மையம் என்று நீலப் பலகை தொங்கிய அறைக்கு முன்னால், ராக்கு என்கிற ராக்காயி உட்கார்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். மத்தியானத்துக்குள் அவளை யாராலும் தூக்க முடியாது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று.

உட்காருவதற்கென்று அவள் வரவில்லை. வக்கீலம்மா சலோமியைப் பார்த்து, அடுத்த மாத வாய்தாவுக்கு என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று கேட்டுவிட்டுப் போகத்தான் நாலு வயசு மகள் வன்னியை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். ஐப்பசி மழையில் புருஷன் தவசியின் வீட்டைவிட்டுப் பிள்ளையோடு வெளியேறி அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவளுக்காக எழுதவும் பேசவும் இருந்த ஒரே ஆள் சலோமிதான். தவசி தன் பக்கம் வரக்கூடாது என்று ராக்கு ஒரு மனு போட்டிருந்தாள். பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தவசி ஒரு மனு போட்டிருந்தான். முதல் மனுவை எழுதும்போது, "கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு" என்று சலோமி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத, "கனம்னா எம்புட்டுக் கனங்கம்மா?" என்று ராக்கு கேட்டாள். "மரியாதைன்னு அர்த்தம் தாயி" என்று சிரித்தாள் சலோமி.

அந்தச் சலோமியின் அறையில் அன்றைக்குப் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே ஒரு காகிதம். ராக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் டவாலி அமானுல்லா வந்துவிட்டார். கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை அவருடையது. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாதாரணப் பேச்சிலும் குரல் உயர்ந்தே வரும், அன்றைக்கு மட்டும் தாழ்ந்து வந்தது.

"கவர்மெண்டு இந்த மையத்துக்குக் குடுக்குற பணத்த நிறுத்திருச்சும்மா. வக்கீலுகளுக்கு ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. சலோமியம்மா நாலு மாசம் சம்பளமில்லாம ஓட்டிப் பாத்துச்சு. வெள்ளிக்கிழம சாவியக் குடுத்துட்டு, கோயமுத்தூர்ல ஏதோ கம்பெனி வேலைக்குப் போயிருச்சு. போறப்ப அழுதுச்சு."

"வேற வக்கீலு?"

அமானுல்லா வக்கீல்கள் சங்க அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தவசிக்கு ஆஜராகிற திருவேங்கடம்தான் வக்கீல்கள் சங்கத்துக்குத் தலைவர். அவரை எதிர்த்து ராக்குவுக்காக நிற்க உள்ளூரில் யாரும் வர மாட்டார்கள், அதுவும் சும்மா. தவசி போர்வெல் லாரி வைத்திருப்பவன். அந்த வட்டாரத்தில் யார் வீட்டில் தண்ணீர் வந்தாலும் அவன் போட்ட குழியிலிருந்துதான் வந்தது.

ராக்கு வராந்தாவில் அப்படியே உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டாள். சேதி அவளுக்கு முன்னாலேயே தவசிக்குப் போயிருக்க வேண்டும், டீ ஆறுகிற நேரத்துக்குள் தன் தம்பிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தான். கோபமாக வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயம். சிரித்துக்கொண்டு வந்தான்.

"வக்கீலு ஓடிப்போச்சாம்ல? இனி யாரு இருக்கா ஒனக்கு? எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

"வக்கீலம்மா வராம நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றாள் ராக்கு. தைரியத்தில் சொன்னதல்ல அது. எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது, அதனால் சொன்னாள்.

பெரிய தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். கை வந்தது, ஆள் வரவில்லை. சின்னவன் மறு கையைப் பிடித்தான். தவசி பின்னால் போய் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினான். பீடிக்கட்டுச் சுமந்தே மெலிந்துபோன ராக்கு, காற்றடித்தால் சேலையோடு பறந்துவிடுவாள் என்று அக்கா கேலி பேசுகிற ராக்கு, மலையடிவாரத்துப் பாறை மாதிரி அசையாமல் இருந்தாள். மூன்று ஆண்களுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. கோர்ட்டுக்கு வந்தவர்களில் நாலு பேர் கை கொடுத்தார்கள், அவர்களாலும் ஆகவில்லை. தவசி போர்வெல் லாரியைக் கொண்டுவரச் சொல்லி, நூறடிக் குழாயைத் தூக்குகிற இரும்புக் கயிற்றை அவள் இடுப்பில் கட்டச் சொன்னான். கயிறு விறைத்தது, லாரியின் முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியது, பிறகு கயிறு அறுந்து வேப்பமரத்துக் கிளையை வெட்டிக்கொண்டு போய் விழுந்தது. ராக்கு அதுவரை மூடியிருந்த கண்ணைத் திறந்து, மடியிலிருந்த பிள்ளைக்கு அடி படவில்லையே என்று தடவிப் பார்த்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கனமா இருக்குறது குத்தம்னு எந்தச் செக்‌ஷன்லயும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் இரண்டாம் வாரம் பேச வந்தார்கள், மூன்றாம் வாரம் தங்கள் வேலைக்கு நடுவே அவளைத் தாண்டிப் போகிறவர்களானார்கள். கோர்ட்டு வாசலில் டீக்கடை வைத்திருந்த மாரிக்கண்ணு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்தாள். வழக்குக்கு வந்த பெண்கள் காலையிலும் மாலையிலும் நாலு பக்கமும் சேலையை விரித்துப் பிடித்து, உட்கார்ந்த இடத்திலேயே அவளைக் குளிப்பாட்டி, மறைவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து புவியீர்ப்பு விசையைப் பற்றிப் பாடம் நடத்தினார். யாரோ ஒரு பெண்மணி விடியுமுன் வந்து அவள் காலடியில் குங்குமம் கொட்டி, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போக, அமானுல்லா அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார். "இந்தம்மா சாமி இல்ல. இதுக்குச் சூடம் வேணாம், ஒரு வக்கீலு வேணும். கும்புடுறவுக போயி கவர்மெண்டக் கும்புடுங்க" என்று, பேர் கூப்பிடுகிற குரலில் கத்தினார். அதற்குப் பிறகு யாரும் குங்குமம் வைக்கவில்லை.

ராக்குதான் கனத்திருந்தாள். பிள்ளை கனக்கவில்லை. வன்னி எப்போதும்போல மடியிலிருந்து இறங்கி ஓடினாள், வேப்பம்பழம் பொறுக்கினாள், டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைக்கடியில் தூங்கினாள். இதைத் தவசி எதிரே நிறுத்திய லாரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பார்ப்பதை ராக்கு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தபோது, வன்னி குழாயடிக்கு ஓடினாள். தவசி லாரியிலிருந்து இறங்கியது ராக்குவுக்குத் தெரிந்தது. "வன்னி! ஏ வன்னி! அம்மாட்ட ஓடியா!" என்று அவள் கத்தியபோது பிள்ளை சிரித்துக்கொண்டே தண்ணீரை அள்ளித் தெளித்தது. தவசி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான். ராக்கு எழுந்திருக்கப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டையும் ஊன்றி, உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் முதுகுக்குக் கொண்டுவந்து, பல்லைக் கடித்து, எழுந்திருக்கப் பார்த்தாள். வராந்தாத் தரைதான் படாரென்று வெடித்தது, அவள் ஒரு சாண் கீழே இறங்கினாள். பிறகு அவளுக்குக் குரல் மட்டும்தான் இருந்தது. அந்தக் குரலுக்கு மாரிக்கண்ணு கொதிக்கிற பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மரத்தடியில் இருந்த பெண்கள் எழுந்து வந்து தவசியைச் சுற்றி நின்றார்கள். யாரும் அவனைத் தொடவில்லை.

"பிள்ளைய எறக்கு" என்றாள் மாரிக்கண்ணு.

"என் பிள்ள இது."

"தெரியும். எறக்கு."

மாடிப்படியில் பல் குத்திக்கொண்டு நின்ற வக்கீல் திருவேங்கடம் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "தவசி, விட்ருப்பா. எதுக்கு வம்பு? இன்னும் ரெண்டு வாரம்தான. வாய்தாவுல பேரக் கூப்புடுவாங்க, அந்தப் பொண்ணால எந்திரிச்சு உள்ள வர முடியாது, வக்கீலும் கெடையாது. வரலைன்னு எழுதி, கோர்ட்டே பிள்ளைய எடுத்து ஒன் கையில குடுத்துரும்."

தவசி யோசித்தான். பிள்ளையைக் கீழே விட்டான். சிரித்துக்கொண்டு லாரிக்குப் போனான்.

வன்னி ஓடிவந்து மடியில் விழுந்த பிறகு ராக்கு ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோர்ட்டு ஹாலின் வாசல் அவளுக்கு வலப்பக்கம், நாலு தப்படி தூரத்தில் இருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கும். தவசியிடமிருந்து அவளைக் காப்பாற்றிய கனமே அந்த நாலு தப்படியை அவளுக்கு இல்லாமல் ஆக்கியிருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் எழுந்து பார்த்தாள். ஒரு நாளும் முடியவில்லை.

வெடித்த தரையைப் பார்க்கப் பொதுப்பணித் துறையிலிருந்து என்ஜினீயர் வந்தார். அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார், பிறகு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அவளைச் சுற்றியே அளந்தார். மையத்துக்குப் பணம் கேட்டு ஜட்ஜ் இரண்டு தடவை மேலே எழுதியிருந்தார், பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு தடவையும் பதில் வந்திருந்தது. தரைக்கு எழுதிய நாலாம் நாள் பணம் வந்துவிட்டது. வராந்தாவுக்கும் ஹாலுக்கும் சேர்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிய கிரானைட் கல் போட்டார்கள். ஜட்ஜ் இளவயதுக்காரர், புதிதாக வந்தவர். அந்தப் பளபளப்பில் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ராக்குவைத் தாண்டும்போது கீழே பார்த்தபடியே போனார்.

வாய்தா நாள் வந்தது.

அன்றைக்கு ராக்கு தனியாக இல்லை. பூட்டிய கதவை நம்பியிருந்த மற்றவர்களும் வந்தார்கள். கரும்பு ஆலையில் கை போன செல்லப்பெருமாள் வந்தார். மகனை ஜெயிலில் போட்டு ஒரு வருஷமாகியும் ஜாமீன் கேட்க ஆளில்லாத குருவம்மா வந்தாள். வாய் பேசாத, காது கேளாத தையல்காரி ஒருத்தி வந்தாள், அவள் வீட்டை அவளுடைய அண்ணன்கள் எழுதி வாங்கியிருந்தார்கள். இன்னும் எத்தனையோ பேர். பூட்டைப் பார்த்தார்கள், காகிதத்தைப் பார்த்தார்கள், போவதற்கு வேறு இடமில்லாமல் ராக்குவுக்குப் பக்கத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்கார உட்கார, கட்டடத்தின் அடியில் எங்கேயோ ஒரு முனகல் கேட்டது.

"ராக்காயி!" என்று வாசலில் நின்று அமானுல்லா கூப்பிட்டார்.

"இருக்கேன்!" என்றாள் ராக்கு.

உள்ளே திருவேங்கடம் எழுந்தார். "ஐயா, வெளிய இருந்து குரல் குடுக்குறது ஆஜர் ஆகாது. ஹாலுக்குள்ள வரணும்." ஜட்ஜ் சட்டப் புத்தகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"ராக்காயி!" இரண்டாவது தடவை.

"இங்கனதான் இருக்கேன் சாமி! இந்தா இருக்கேன்!" என்று அவள் கல்லில் நகத்தைப் பதித்து முன்னால் இழுத்தாள். நகம்தான் பிய்ந்தது. பிள்ளை பயந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தவசி ஹாலுக்குள்ளிருந்து பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டி, வா வா என்று விரலை மடக்கினான்.

மூன்றாவது தடவை கூப்பிட்டு முடித்தால் எல்லாம் முடிந்தது. அமானுல்லா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "ராக்கா..." என்று தொடங்கி, அந்த ஆவன்னாவை விடாமல், பள்ளிவாசலில் பாங்கு சொல்லிப் பழகிய தகப்பனாரின் மூச்சு தனக்கும் வாய்த்ததோ என்னவோ, இழுத்துக்கொண்டே போனார். முகம் சிவந்தது, கழுத்து வீங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. திருவேங்கடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அமானுல்லா இழுத்தார். அந்த இழுப்புக்கு நடுவில் குருவம்மா தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விட்டு, கடைசி ஆளாக ராக்குவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கட்டடம் சாய்ந்தது.

ஓசையில்லாமல், தூங்குகிறவன் ஒருக்களித்துப் படுப்பதுபோல, வராந்தாப் பக்கமாகச் சாய்ந்தது. மேலே விசிறிகள் ஒரு பக்கமாகத் தொங்கின. அலமாரியிலிருந்து வழக்குக் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பெஞ்சுகள் நகர்ந்தன, டைப்பிஸ்ட் அம்மா மிஷினோடு நகர்ந்தாள், ஜட்ஜ் உட்கார்ந்திருந்த மேடையிலிருந்து மேஜையும் நாற்காலியும் அவரோடு இறங்கி, புதுக் கிரானைட்டில் வழுக்கி, வாசலைத் தாண்டி வந்து ராக்குவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றன. "...யி" என்று முடித்துவிட்டு அமானுல்லா சுவரில் சாய்ந்தார்.

கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு திருவேங்கடம் சொன்னார், "ஐயா, இது கோர்ட்டு ஹால் இல்ல, வராந்தா. இங்க விசாரிக்க முடியாது."

ஜட்ஜ் கண்ணாடியைச் சரிசெய்தார். மேஜையைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் ராக்குவின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். "என் மேஜை இருக்குற எடம்தான் சார் கோர்ட்டு. மேஜை இங்க வந்துருச்சு" என்றார். பிறகு அவளிடம், "உங்களுக்கு வக்கீல் யாரும்மா?"

"இந்தா, பூட்டிக் கெடக்குங்கய்யா" என்று ராக்கு முதுகுக்குப் பின்னால் கை காட்டினாள்.

"சரி. நீங்களே சொல்லுங்க. பிள்ளைய ஏன் தகப்பன்கிட்ட விடக்கூடாது?"

ராக்கு பிள்ளையை மடியில் திருத்தி உட்காரவைத்தாள். இதைச் சலோமியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அதற்கே ஒரு பகல் ஆனது. "ஐயா, எங்க அப்பா எனக்கு எழுதி வச்ச புஞ்சைக் காட்ட இவுக பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போடச் சொன்னாக. நான் மாட்டேன்னேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போனாக. அங்க புதுசா போட்ட போர்க்குழி, மூடாத குழி. பிள்ளையோட ரெண்டு காலையும் புடிச்சு, தலைகீழா அந்தக் குழிக்குள்ள எறக்கிக்கிட்டு, இப்பப் போடுறியான்னு கேட்டாக. பிள்ளையோட சத்தம் குழிக்குள்ள இருந்து வந்துச்சுங்கய்யா. கெணத்துக்குள்ள பேசுற மாதிரி. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு அன்னைக்கே கெளம்பிட்டேன்."

சாய்ந்து கிடந்த பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்து தவசி தாங்க முடியாமல் கத்தினான்:

"வெளாட்டுக்குத்தானய்யா புடிச்சேன்! விட்டுட்டனா? பிள்ளை உசுரோடதான இருக்கு!"

திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார். சாய்ந்த மிஷினில் டைப்பிஸ்ட் அம்மா அதை ஒரு எழுத்து விடாமல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளை தாயிடமே இருக்க வேண்டும், தவசி இருவர் பக்கமும் போகக் கூடாது, ராக்காயிக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் வந்து நிற்கும்வரை இந்த வழக்கை முடிக்க முடியாது என்று ஜட்ஜ் அங்கேயே சொன்னார். ஆனால் ராக்கு எழவில்லை. மற்றவர்களும் எழவில்லை. அவர்கள் கதை இன்னும் யார் காதிலும் விழவில்லையே. என்ஜினீயர் திரும்ப வந்தார். சரிந்த கட்டடத்தை இடித்துக் கட்ட ஆகிற செலவை எழுதினார், உட்கார்ந்திருப்பவர்கள் எழாவிட்டால் புதுக் கட்டடமும் சாயும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அரசாங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தது. கட்டடத்தைவிட வக்கீல்கள் மலிவு என்று தெரிந்தது. மனம் இளகியதாக யாரும் சொல்லவில்லை, மையத்துக்கு ஒரு வருஷத்துப் பணம் வந்தது, அவ்வளவுதான்.

சலோமி வந்தாள். கோயம்புத்தூர்ப் பஸ்ஸிலிருந்து இறங்கி, சரிந்த வராந்தாவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, ராக்குவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுரு தாயி" என்றாள். ராக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறந்து, மேஜையை வெளியே போட்டு, சலோமியும் அவளோடு வந்த வக்கீல்களும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். செல்லப்பெருமாள் சொல்லி முடித்து எழுந்து நின்றபோது தரை கொஞ்சம் மேலே வந்தது. தையல்காரி கையால் பேசி முடிக்க மூன்று நாள் ஆனது, கை பேசத் தெரிந்த ஒரு டீச்சரைச் சலோமி தேடிக் கொண்டுவந்தாள். ஒரு வருஷம் முடிந்தால் பணம் மறுபடி நிற்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் நிதானமாகச் சொல்லவில்லை.

ராக்குவின் வழக்கில் கடைசித் தீர்ப்பு வந்த அன்று, சலோமி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஜட்ஜ் வாசித்து முடித்தார். பிள்ளை அவளுக்கு, காடு அவளுக்கு, தவசி கிட்டே வரக் கூடாது. ராக்கு உள்ளங்கையை ஊன்றினாள். ஒரு முழங்கால் எழுந்தது. மறு முழங்கால் எழுந்தது. மாரிக்கண்ணு கை கொடுக்க ஓடிவந்தாள், அதற்குள் ராக்கு நின்றுவிட்டாள், நின்று சற்றுத் தள்ளாடினாள். அத்தனை நாள் கனத்துக் கிடந்ததால் இப்போது உடம்பில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். உள்ளே குருவம்மாவின் மகனுக்கு ஜாமீன் பேச வேண்டியிருந்ததால் சலோமி கூட வர முடியவில்லை.

கேட்டுக்கு வெளியே, லாரியின் நிழலில், தவசி நின்றிருந்தான். கிட்டே வரக்கூடாது என்கிற தீர்ப்பு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரோட்டில் வேறு யாரும் இல்லை.

"கேட்டுக்கு உள்ளதான் ஒனக்குக் கோர்ட்டு" என்று சொல்லிக் கையை நீட்டினான்.

ராக்கு நின்றாள். ஓடினால் பிடித்துவிடுவான். கத்தினால் ஆள் வந்துசேர நேரமாகும். அவன் ஒற்றைக் கையால் அவளையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கி லாரியில் போட்டுவிடலாம், அவ்வளவு லேசாக இருந்தாள் அவள், நெஞ்சு அடிக்கிற அடியில் கால் தரையில் பாவுகிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவன் கண்ணைப் பார்த்து, "தூக்கிப் பாரு" என்றாள்.

தவசியின் கை பாதியில் நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். காலைப் பார்த்தான், கால் பதிந்த மண்ணைப் பார்த்தான், அறுந்து ஒட்டுப்போட்ட இரும்புக் கயிற்றைத் திரும்பிப் பார்த்தான். கேட்டுக்குள் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கை மெல்ல இறங்கியது.

ராக்கு பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. ஓடவில்லை. கனத்தவள் எப்படி நடப்பாளோ அப்படி, ஒவ்வொரு காலையும் அழுத்தி அழுத்தி வைத்து, அவனைத் தாண்டி ரோட்டைக் கடந்தாள்.